மட்டசனம்: மறந்துபோன ஒரு புண்ணியம்



நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் மனனஞ் செய்த பழைய ஞானோபதேச ஏடுகளில் தலையான பாவங்கள் ஏழு என்றொரு பாடம் இருந்தது. அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். அதற்கு எதிரான புண்ணியமாகக் கற்பிக்கப்பட்டது மட்டசனம். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. அளவறிந்து உண்பதை நம் முன்னோர் ஒரு புண்ணியமாகவே போற்றினர். இன்று அந்தச் சொல் நம் வீடுகளில் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. அதன் இடத்தில் ‘டயற்’ என்னும் சொல் வந்து அமர்ந்திருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. உடல் பருத்துவிட்டதே என்ற கவலையினால் ஒருவர் தனித்து, சில வாரங்களுக்கு மேற்கொள்வது டயற். வீட்டுத் திருமணம் முடிந்து படங்களும் எடுத்தானபின் அதுவும் முடிந்துவிடும். மட்டசனமோ வாழ்நாள் முழுவதற்கும் உரியது. வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவானது. எடை குறைய வேண்டும், நோயின்றி வாழ வேண்டும் என விரும்பும் குடும்பங்களுக்கு இவ்வாரம் நாம் சொல்ல விழைவது இதுவே: ஒருவருடைய தட்டை மட்டும் மாற்றி வைப்பதால் நிலைத்த பயன் கிட்டாது, வீட்டின் பானை மாற வேண்டும்.

நம் உடலின் இயல்பு

இது ஏன் அவசரமான காரியம் என்பதை முதலில் நோக்குவோம். இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் நிகழ்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. புள்ளிவிபரம் தேவையில்லை, நம் அயலைப் பார்த்தாலே போதும். மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் வைத்தியசாலை வாசலில் அதிகாலையில் காத்திருப்போர் எத்தனை பேர்! காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல், ஈற்றில் விரலையோ பாதத்தையோ இழந்தவர்கள் எத்தனை பேர்! சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்தில் பல தடவை குருதிச் சுத்திகரிப்புக்காக நெடுந்தூரம் பயணம் செய்பவர்கள் எத்தனை பேர்! உழைக்கும் வயதில் தந்தை விழுந்துவிட்டால், பிள்ளைகளின் படிப்பும் அவரோடு விழுந்துவிடுகிறது.

தெற்காசியர்களாகிய நமக்கு இதில் மற்றொரு பலவீனமும் உண்டு. ஐரோப்பியரை விடக் குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவும் இதயநோயும் வந்துவிடுகின்றன. கொழுப்பு கைகால்களில் சேருவதற்கு முன்னரே வயிற்றைச் சுற்றிச் சேருவது நமது உடல்வாகு. இதனால் 2004ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று, ஆசிய மக்கள் விழிப்படைய வேண்டிய எல்லையை உடற்றிணிவுச் சுட்டெண் 23 என்று குறித்தது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 59 கிலோகிராம் ஆகும். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால், அதுவும் ஓர் எச்சரிக்கையே. “நல்ல வாட்டசாட்டமான உடம்பு” என்று நாம் மெச்சுகின்ற பலர் இந்த எல்லையைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

தனித்தட்டின் துயரம்

வைத்தியர் எச்சரித்த அன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? மறுநாள் முதல் தந்தைக்கு ஒரு தனித்தட்டு. அதில் இரண்டு குரக்கன் ரொட்டி, அவித்த மரக்கறி, உப்புக் குறைந்த குழம்பு. அதே மேசையில் மற்றவர்களுக்கு வெள்ளைச் சோறும் பொரித்த மீனும் அப்பளமும். அடுப்படியில் கத்தரிக்காய் பொரியும் மணம் வீடெங்கும் பரவுகிறது. அவர் ஒரு வாரம் பொறுப்பார், இரண்டு வாரம் பொறுப்பார். மூன்றாவது வாரத்தில் “இன்று மட்டும்” என்று ஒரு துண்டு மீன் அவரது தட்டுக்கு வரும். மாதம் முடிவதற்குள் தனித்தட்டு அலுமாரிக்குப் போய்விடும். “அவருக்கு மனவுறுதி இல்லை” என்று வீட்டார் தீர்ப்பிடுவர். உண்மையில் அந்த மனிதர் தம் சொந்த வீட்டிலேயே உணவில் அந்நியராக்கப்பட்டார் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோயுற்றவர் தாயாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். தனக்கென ஒரு தனித்தட்டுச் சமைக்கும் தாய் நம்மிடையே அரிது. எல்லோருக்கும் பரிமாறிய பின்னரே அவள் உண்கிறாள். பிள்ளை மிச்சம் வைத்த சோற்றையும், மறுநாளுக்கு ஆகாத கறியையும், “வீணாக்கக்கூடாது” என்று அவளே உண்டு முடிக்கிறாள். சிக்கனம் நற்பண்புதான், ஆனால் மிஞ்சியதையெல்லாம் போடும் பாத்திரமாக ஒரு தாயின் வயிறு ஆகிவிடக்கூடாது. அவள் பருமனாகிவிட்டாள் என்று கேலி செய்யும் கணவனும் பிள்ளைகளும், அந்தப் பருமனில் தங்கள் மிச்சங்களுக்கும் பங்குண்டு என்பதை உணரவேண்டும்.

விவிலியத்தில் தானியேலின் நூல் முதலாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். பாபிலோன் அரசனின் பந்தியிலிருந்து வந்த உணவையும் திராட்சை இரசத்தையும் மறுத்த அந்த இளைஞர், பத்து நாட்களுக்கு மரக்கறி உணவும் தண்ணீரும் தரும்படி கேட்டார். தீட்டுப்படாமல் வாழ்வதே அவரது நோக்கமாயிருந்தது. மெலிந்து காட்டுவது அவரது எண்ணமல்ல. பத்து நாட்களின் முடிவில் அவர்கள் மற்றவர்களைவிட முகக்களையும் உடற்செழுமையும் உள்ளவர்களாகக் காணப்பட்டார்கள் என்றே அங்கு சொல்லப்படுகிறது. நாம் எளிதில் கவனியாது விடும் ஒன்று அந்த நிகழ்ச்சியில் உண்டு. தானியேல் தமக்கு மட்டும் தனித்தட்டுக் கேட்கவில்லை. தோழர் மூவரையும் சேர்த்து, நால்வருக்குமாகக் கேட்டார். அந்நிய அரண்மனையில் அவர்கள் உறுதி குலையாது நின்றதற்கு ஒரே உணவை ஒன்றாக உண்டதும் துணையாயிருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

முழுமையான உணவு எது?

பானையை மாற்றுவதென்றால் எதனால் நிரப்புவது? விலையுயர்ந்த விசேட உணவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலத்திலும் கடலிலும் கிடைத்தவாறே, அல்லது அதற்கு மிக அண்மித்த நிலையில், நம் கையால் சமைக்கப்படுவதே முழுமையான உணவு. தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கடலை, கௌபி, உளுந்து, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, வாழைப்பொத்தி, பூசணி, பயிற்றங்காய், பலாக்காய், சாளை, நெத்தலி, முட்டை, கொய்யா, பப்பாசி. இவற்றுள் ஒன்றேனும் நமக்குப் புதிதா?

நெல்லைத் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்கிவிடுகின்றன. அவற்றோடு நார்ச்சத்தும் பி வகை உயிர்ச்சத்துக்களும் பெருமளவில் நீங்குகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் மாச்சத்தே. அது விரைவில் சமித்துக் குருதியில் சீனியை ஏற்றுகிறது. விரைவிலேயே மீண்டும் பசிக்கவும் செய்கிறது. நார்ச்சத்துள்ள உணவு வயிற்றை நிரப்புகிறது. மென்று உண்ண நேரம் எடுக்கிறது. போதும் என்ற உணர்வு மூளையை எட்ட அவகாசம் தருகிறது. பருப்பும் மீனும் முட்டையும் தரும் புரதம் அந்த நிறைவை நீடிக்கச் செய்கிறது. வயிறு நிறைய உண்டும் எடை குறைவது எவ்வாறு என்ற கேள்விக்கு விடை இதுவே.

இதனை ஓர் ஆய்வு அழகாக எடுத்துக்காட்டியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தேசிய சுகாதார நிறுவகங்களில் கெவின் ஹோல் என்னும் ஆய்வாளர் தலைமையில் நடந்து, 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது. இருபது பேர் நான்கு வாரங்கள் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரங்கள் தொழிற்சாலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளும், இரண்டு வாரங்கள் முழுமையான உணவுகளும் அவர்களுக்கு வைக்கப்பட்டன. இரு வகை உணவிலும் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியன சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டனர். விரும்பிய அளவு உண்ணலாம் என்பது அனுமதி. பதப்படுத்திய உணவு வைக்கப்பட்ட நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரங்களில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். முழுமையான உணவை உண்ட இரண்டு வாரங்களில் ஏறத்தாழ அதேயளவு எடை குறைந்தார்கள். அதே மனிதர்கள், அதே மனவுறுதி. வேறுபட்டது எதிரே வைக்கப்பட்ட உணவே. ஆகவே, பருமனான ஒருவரைப் பார்த்து மனவுறுதியற்றவர் என்று தீர்ப்பிடுமுன், அவர் எதிரே நாம் வைப்பது என்ன என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

“இவையெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு” என்று சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மையும் உண்டு; அதனை நாம் தட்டிக்கழிக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இந்நாட்டில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் கடந்தபோது, மீனையும் முட்டையையும் மரக்கறியையும் கைவிட்டுப் பாணையும் சீனித் தேநீரையும் கொண்டு பசியாறிய குடும்பங்கள் பல. வறுமையினால் ஒரே கூரையின் கீழ் பிள்ளை மெலிவதும் தாய் பருப்பதும் நடக்கக்கூடியதே. ஆயினும் வேலியில் நிற்கும் முருங்கைக்கு எவரும் பணம் கேட்பதில்லை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கிணற்றடி ஈரத்தில் வளரும். சிறுமீனின் விலை பெருமீனின் விலையாகாது. சத்தில் அது தாழ்ந்ததுமல்ல. பிஸ்கட்டுக்கும் சோடாவுக்கும் செலவாகும் பணத்தை ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள். பயறும் கடலையும் வாங்கப் பணம் எங்கே என்ற கேள்விக்கு ஓரளவேனும் விடை கிடைக்கும்.

யோவான் நற்செய்தியில், ஐயாயிரம் பேருக்கு உணவளிக்க ஆண்டவர் கையில் எடுத்தவை வாற்கோதுமை அப்பங்களும் மீனும் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. வாற்கோதுமை அக்காலத்தில் ஏழைகளின் தானியம். ஏழையின் உணவை அவர் இகழவில்லை. நாமோ, குரக்கன் பிட்டையும் ஒடியற்கூழையும் விருந்தினருக்கு வைக்க வெட்கப்பட்டு, கடையில் வாங்கிய ரோல்ஸை மரியாதையென்று நினைக்கிறோம். போர்த்துக்கேயர் வழியாக நம் மொழிக்கு வந்த சொல் பாண். கோதுமையோ இந்நாட்டு வயல்களில் விளைவதன்று. பாணே வேண்டாம் என்பது நம் கருத்தல்ல. ஆனால், மொட்டைக்கறுப்பன் அரிசியை மறந்து, காலையும் இரவும் கோதுமை மாவை நம்பி வாழும் நிலைக்கு நாம் வந்திருப்பது நல்லதன்று.

குவளையில் கரையும் எடை

உணவைப் பற்றிக் கவலைப்படும் பலர் பானத்தை எண்ணுவதேயில்லை. நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று கொள்வோம். கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 40 கிராம். ஓர் ஆண்டில் இது பதினான்கரைக் கிலோவைத் தாண்டும்! வேலைத்தளத்திலும் உறவினர் வீட்டிலும் பருகுவது வேறு. சேர்க்கப்படும் சீனியை நாளாந்தச் சக்தித் தேவையின் 10 வீதத்திற்குள் அடக்கும்படியும், இயன்றால் 5 வீதத்திற்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் கொண்டுவரும்படியும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். 2016ஆம் ஆண்டு இலங்கையில் அறிமுகமான நடைமுறை இது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அத்தகைய பானத்தை 400 மில்லிலீற்றர் பருகும் பிள்ளை பதினொரு தேக்கரண்டிச் சீனியைப் பருகுகிறது. அரசாங்கம் நிறத்தைக் குறித்துவிட்டது. அதைப் பார்த்து வாங்குவது நம் கடமை.

பனங்கட்டியும் தேனும் சீனியல்ல என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சுவையிலும் மணத்திலும் அவை மேலானவை. ஆனால் உடலைப் பொறுத்தவரை அவையும் சீனியே. ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகும் பழைய வழக்கத்தில் பனங்கட்டி கொஞ்சமாகவே செலவாயிற்று என்பதே அதன் சிறப்பு. அவ்வாறே, குரக்கன் நல்லதென்று ஆறு ரொட்டி உண்டால் அது மட்டசனமாகாது. தேங்காய்ப்பாலுக்கும் எண்ணெய்க்கும் இதே நியதி. ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி தர, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகிறது. பொரித்துக் குழம்பு வைப்பதைப் பால்கறியாகவும், பால்கறியின் முதற்பாலைக் குறைத்து வறையாகவும் மாற்றினால் சுவையும் கெடாது, எடையும் ஏறாது.

ஒருசந்தியும் விருந்தும்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு உணவு ஒழுக்கம் புதிதல்ல. ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற சொற்களை அறியாத அம்மம்மாமார் நம்மிடையே இல்லை. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒரு முழு உணவோடு நிற்பதும், குறித்த நாட்களில் இறைச்சியைத் தவிர்ப்பதும் திருச்சபையின் ஒழுங்கு. பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாவது வயதில் கால் வைப்பவர் வரையே ஒருசந்தி கடமையாகும். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அது வருத்துவதில்லை. இந்த ஒழுங்கில் எவ்வளவு இரக்கமும் நிதானமும் இருக்கின்றன!

ஆனால் நாம் அதை எவ்வாறு கைக்கொள்கிறோம்? வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி, அதற்கு ஈடாக இறால் பொரியலும் நண்டுக் குழம்பும் கணவாய்க் கறியும் வைத்தால் சட்டம் காக்கப்பட்டது. அதன் உட்பொருள் இழக்கப்பட்டது. பகல் முழுவதும் பட்டினி கிடந்து இரவில் இரண்டு மடங்கு உண்பது நோன்புமல்ல, மருத்துவமுமல்ல. தவக்கால நோன்பை எடை குறைப்பதற்கான உபாயமாக்குவதும் முறையன்று. நோன்பு இறைவனை நோக்கியது, அதில் மிச்சமாவது ஏழையை நோக்கியது. எனினும், ஆசையை நோக்கி “இப்போது வேண்டாம்” என்று சொல்லப் பழகிய நாவு, தவக்காலம் முடிந்த பின்னும் அந்தப் பழக்கத்தை நமக்குத் தரவல்லது.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் உணவின் அளவுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. பந்தியில் சமைத்த கறி இரண்டு வேண்டும் என்றார். ஒன்றை உண்ண இயலாதவர் மற்றதையேனும் உண்ணட்டும் என்பது காரணம். கடின வேலை செய்த நாளில் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றும், சிறுவர்களுக்கு அளவு வேறு என்றும் வகுத்தார். எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தாலும், ஒவ்வொருவரின் தேவையையும் அறிந்து பரிமாறுதல் என்பது இதுவே. நாம் சொல்லும் பானை மாற்றமும் இத்தகையதே. வளரும் பிள்ளைக்கு ஒரு முட்டை கூடுதலாகலாம், வயலில் உழைத்த மகனுக்கு ஓர் அகப்பை சோறு கூடுதலாகலாம், பானை ஒன்றே.

விருந்தோம்பல் நம் இனத்தின் பெருமை. அதில் ஒரு சிறு திருத்தம் தேவை. “ஒன்றுமே உண்ணவில்லையே” என்று கூறி, வேண்டாம் என்பவரின் தட்டில் மீண்டும் மீண்டும் இடுவதை நாம் அன்பு என்று கருதுகிறோம். நீரிழிவு உள்ளவர் கேக்கை மறுத்தால் மனம் நோகிறோம். நோயாளரைப் பார்க்கப் போகும்போது பிஸ்கட் பெட்டியையும் சீனி கலந்த மா வகைகளையும் கொண்டுபோகிறோம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதிருப்பதும் அன்பே. நோயாளருக்கு நான்கு கொய்யாப்பழமோ ஒரு கட்டுக் கீரையோ கொண்டுசெல்வது மரியாதைக் குறைவல்ல.

நிதானமும் இரக்கமும்

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, பருமனான ஒவ்வொருவரையும் போசனப்பிரியர் என்று எண்ணுவது பெரும் தவறு. பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள், இரவு வேலை, மன அழுத்தம், வறுமை எனக் காரணங்கள் பல. கேலியினால் எவரும் மெலிவதில்லை. மறைவில் கூடுதலாக உண்பதே நடக்கிறது. வளரும் பெண்பிள்ளையின் உடலைப் பற்றி உறவினர் கூடும் இடத்தில் பேசுவதை இன்றோடு நிறுத்துவோம்.

இரண்டாவது, அவசரம் வேண்டாம். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதுமானது. எண்பது கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோ குறைந்தாலே குருதியின் சீனியிலும் அமுக்கத்திலும் முன்னேற்றம் காணலாம். ஒரே மாதத்தில் மெலியவைக்கும் என்று விற்கப்படும் தூள்களையும் குளிசைகளையும் நம்பாதீர்கள். மாரடைப்பு, பாரிசவாத ஆபத்தைக் காரணங்காட்டி 2010ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, அதன் பின்னரும் ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட மெலிவுப் பொருட்களில் கலந்திருக்கக் கண்டுபிடிக்கப்பட்டது. எடையைக் குறைக்கும் புதிய ஊசிமருந்துகள் இன்று உள்ளன. அவை தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அவற்றை நிறுத்தியபின் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மருந்து எடுப்பவருக்கும் நல்ல பானை தேவையே. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்போர், சிறுநீரக நோயுள்ளோர், கர்ப்பிணிகள் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைக்கவோ நோன்பிருக்கவோ கூடாது. சீனியின் அளவு அளவுக்கு மீறித் தாழ்வதும் உயிருக்கு ஆபத்து.

தராசு ஒன்றே நீதிபதியுமல்ல. அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், உணவைச் சீர்செய்து, வாரத்தில் 150 நிமிடம் நடந்து, எடையையும் ஓரளவு குறைத்தவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 58 வீதத்தால் குறைந்தது என 2002ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடம் நீரிழிவு ஏற்படுவது 28.5 வீதத்தால் குறைந்தது. அவர்களுடைய உடல் எடையோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. எடை குறையவில்லையே என்று சோர்ந்து, நல்ல உணவைக் கைவிடுவோர் இதை நினைவில் கொள்ளட்டும். தராசின் முள் அசையாதபோதும் உடலின் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கலாம்.

எங்கே தொடங்குவது?

அன்பார்ந்தவர்களே, நாளையே எல்லாவற்றையும் மாற்றப் புகுந்தால் ஒரு வாரத்தில் சலிப்பு ஏற்படும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாக மாற்றுங்கள்.

முதல் மாதம், வீட்டில் அனைவரதும் தேநீரில் சீனியைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரங்களில் நாவு பழகிவிடும். இரண்டாம் மாதம், ஒரு வேளைச் சோற்றையேனும் சிவப்பரிசிக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் முகஞ்சுளித்தால் முதலில் பாதிக்குப் பாதி கலந்து சமையுங்கள். மூன்றாம் மாதம், தட்டில் இடும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் வறையும் மரக்கறியும் தட்டின் பாதியை நிரப்பட்டும். மீன், பருப்பு, முட்டை போன்றவை காற்பங்கு. எஞ்சிய காற்பங்கு சோறு. நான்காம் மாதம், பொரியலை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள். இவற்றோடு, இரவு உணவை நேரத்தோடு, தொலைக்காட்சியையும் கைபேசியையும் ஒதுக்கிவைத்து, ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். உண்டபின் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்திலோ ஒழுங்கையிலோ சற்று நடந்தால் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்று.

இதில் ஆண்களுக்கு ஒரு சொல். சிவப்பரிசி வேக நேரம் எடுக்கும். கீரை ஆய நேரம் எடுக்கும். வல்லாரை அரிய நேரம் எடுக்கும். பானை மாறவேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தச் சுமை முழுவதையும் தாயின் தோளிலேயே ஏற்றினால் நாம் எதையும் மாற்றியவர்களாகோம். கீரை ஆய்வதற்குக் கணவனும், தேங்காய் துருவுவதற்கு மகனும் அமரட்டும். தாய் எல்லோரோடும் அமர்ந்து, சூடாக, தனக்குரிய பங்கை உண்ணட்டும்.

பங்குச் சமூகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல்நன்மை விழாவிலும், திருவிழாச் சிற்றுண்டியிலும், முப்பத்தோராம் நாள் நினைவு உணவிலும், மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொதியிலும் அவித்த கடலைக்கும் வாழைப்பழத்துக்கும் இடங்கொடுங்கள். சோடாவுக்குப் பதிலாக மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் வரட்டும். ஆலயத்தில் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று கேட்டுவிட்டு வெளியே வரும் பிள்ளை, வாசலிலேயே அதன் பொருளைக் கண்டுகொள்ளட்டும்.

யாயிரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், அடுத்துச் சொன்னது அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. உயிரை மீட்டவர் அவளது உணவையும் மறக்கவில்லை. அந்தப் பொறுப்பைச் சூழநின்ற வீட்டாரிடம் ஒப்படைத்தார். நம் வீட்டில் இன்று நோயுற்றிருப்பவருக்கும், நாளை நோயுறக்கூடாத பிள்ளைக்கும் உணவு கொடுக்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இன்றிரவு அடுப்பில் பானையை ஏற்றும்போது அந்த முகங்களை நினைத்து, அதற்கேற்ற அரிசியையும் அதற்கேற்ற அளவையும் இடுவோம். மட்டசனம் என்னும் புண்ணியம் நம் வீடுகளுக்குத் திரும்பி வரட்டும்.